சுவரைத் தின்ற பிள்ளைகள்

கொத்தனார் மூன்றாவது முறையாகக் கரண்டியும் கலவைச் சட்டியுமாக வந்து நின்றபோதுதான் ஊசியம்மா அந்த ஓட்டையை உட்கார்ந்து பார்த்தாள்.

சுகாதார நிலையத்தின் கூடத்தில், ஆட்கள் காத்திருக்கும் நீளப் பெஞ்சின் ஓரத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது அது. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த அளவு. பூச்சு போய் உள்ளே செங்கல் தெரிந்தது. போன வருஷம் ஒருமுறை அடைத்தாயிற்று. இந்த வருஷம் ஒருமுறை அடைத்தாயிற்று. அடைத்த இடத்தில் மறுபடியும் அதே பள்ளம்.

“எலி,” என்றார் வாட்ச்மேன். ஓய்வு பெற இரண்டு வருஷம் மீதமிருக்கும் மனிதர். எதையும் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார். “நானும் மருந்து வச்சுப் பார்த்துட்டேன். தொட மாட்டேங்குது. ஆஸ்பத்திரி எலி இல்லையா, மருந்தைப் பத்தி நம்மளவிட அதுக்குத் தெரியுது.”

கொத்தனார் குந்தி உட்கார்ந்து பள்ளத்தைத் தடவினார். “எலி கீழேருந்து தோண்டும்ணே. இது மேலேருந்து சுரண்டினது. பல்லே படல. நகம்தான்.” கீறல் ஒன்றில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. “என் விரலு நுழையல. சின்னப் பிள்ளைங்க வேலை.”

“பிள்ளைங்க சுரண்டினா தூள் விழாதா? தினமும் நான்தானே கூட்டுறேன். ஒரு பொட்டுத் தூள் பார்த்ததில்லை.”

வாட்ச்மேன் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் ஊசியம்மா குனிந்து பெஞ்சுக்கு அடியில் தரையைத் தடவிப் பார்த்தாள். தரையில் விழாத சுண்ணாம்பு வேறெங்கே போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த ஒருத்தி அதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“இன்னைக்குப் பூச வேணாம்,” என்றாள் கொத்தனாரிடம். “நானே சொல்லி அனுப்பறேன்.”

அவளுடைய வேலை விரல் குத்துவது. இருபத்திரண்டு வருஷமாக அதுதான். பிள்ளைகளின் மோதிர விரலைப் பிடித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பிள்ளை கூரையில் எதையோ தேடும் நேரத்தில் குத்தி, வரும் முதல் துளியைத் துடைத்துவிட்டு, இரண்டாம் துளியைக் காகிதத்தில் வாங்க வேண்டும். காகிதத்தில் துளி பரவி நிற்கும் சிவப்பை அட்டையில் அச்சடித்த சிவப்புகளோடு ஒப்பிட வேண்டும். அட்டையில் ஆறு சிவப்புகள். வெளுத்த ரோஜா நிறத்துக்கு நான்கு, அதற்கடுத்ததற்கு ஆறு, அப்படியே எட்டு, பத்து, பன்னிரண்டு, கடைசியில் கறுஞ்சிவப்புக்குப் பதினான்கு. பிள்ளையின் துளி எந்தச் சிவப்போடு ஒட்டுகிறதோ அந்த எண் பதிவேட்டில் ஏறும்; இரண்டுக்கும் நடுவே நின்றால் கண்ணால் மதிப்பிட்ட நடு எண். பதினொன்றுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஒரு பாட்டில் இரும்புச்சத்து சிரப், ஒரு துண்டுச்சீட்டு, அடுத்த மாதம் வரச் சொல்லி ஒரு வார்த்தை.

ஊசியம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நிஜப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. “வலிச்சா என்னைத் திட்டு. வலிக்கலைன்னா அழுததுக்கு உன்னை நீயே திட்டிக்கோ,” என்று சொல்லிக்கொண்டே குத்திவிடுவாள். பாதிப் பிள்ளைகள் கணக்குப் புரியாமல் அழ மறந்துவிடும்.

வேலையில் அவள் சுத்தம். அந்த அட்டையை இரண்டு தடவை யாரோ எடுத்து விசிறிக்கொண்டு எங்கோ வைத்துவிட்டார்கள். அட்டையை நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவள் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காரியம் செய்தாள். ஜன்னல் சட்டத்தில், வெளிச்சம் நேராக விழும் இடத்தில், நான்கு மூலையிலும் முள்ளாணி அடித்து அட்டையை நிறுத்திவிட்டாள். இனி தொலையாது, தேடவும் வேண்டாம். ஆய்வுக்கு வந்த பகுதி ஆபீசர் அதைப் பார்த்து, மற்ற நிலையங்களும் இப்படிச் செய்யலாமே என்று குறிப்பு எழுதினார். வருஷத்துக்கு ஒன்று வீதம் புது அட்டைகள் வந்தன. பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று உறை பிரிக்காமல் அவற்றை பீரோவில் அடுக்கினாள். புதிதை எடுத்துவைத்துப் பழையதைத் தேயும்வரை தேய்ப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம்.

அந்த மூன்று வருஷத்தில் அந்தப் பகுதியில் அதிசயம் ஒன்று நடந்தது. பத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு இருந்த சோகை, ஐந்தாகி, மூன்றாகி, இப்போது பத்தில் ஒருவருக்கு மட்டும் என்றாகியிருந்தது. உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் இரத்தமில்லாமல் நடமாடுகிறார்கள் என்று கூடத்துச் சுவரொட்டி சொன்னது. இந்தப் பகுதி உலகத்தையே ஜெயித்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து நிலையத்துக்கு ஷீல்டு கொடுப்பதாக ஏற்பாடு. சோகை குறைந்த இடத்துக்கு எதற்கு இவ்வளவு மருந்து என்று, சேமிப்பறையில் இருந்த நாற்பது பெட்டி சிரப்பையும் அன்றைக்கே வேறொரு பகுதிக்கு லாரியில் ஏற்றுவதாகவும் ஏற்பாடு.

மனிதர்கள் ஜெயித்ததை யாரும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை. தோல்வியை மட்டுமே திரும்பத் திரும்ப எண்ணுகிறோம்.

கொத்தனார் போன அன்று பகல் பதினொரு மணிக்கு அவள் எலியைப் பிடித்தாள்.

ஆறு வயதிருக்கும். பெஞ்சின் ஓரத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதன் அம்மா, சலவை நிலையத்தில் துணி தேய்க்கிறவள், கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவள், உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பெண்ணின் வலக்கை மட்டும் பின்னால் போய்ச் சுவரில் வேலை செய்தது. பிறகு விரல் வாய்க்குப் போனது. முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவர்களின் முகம்.

ஊசியம்மா பக்கத்தில் போய்க் குந்தினாள். “நல்லா இருக்கா?”

பெண் யோசித்தது. “மழை பெய்யற மாதிரி இருக்கு.”

“வீட்டுச் சுவரு?”

“அது பெயிண்டு. கசக்கும்.”

ரத்தம் குறைந்த உடம்புதான் சுண்ணாம்பைக் கேட்கும். கன்னத்தைப் பிடித்து, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள் ஊசியம்மா. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல இருந்தது. உள்ளங்கையைத் திருப்பினாள். ரேகைகள்கூட வெளுத்திருந்தன. பதிவேட்டைப் புரட்டினாள். போன மாதம், அவளுடைய சொந்தக் கையெழுத்தில், பன்னிரண்டு. ‘நலம்.’

மறுபடி குத்தினாள். துளியை அட்டையில் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு.

பிறகு தன் விரலைக் குத்திக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பெரிய மருத்துவமனையின் மெஷினில் அவளுக்குப் பார்த்திருந்தார்கள், பதினொன்றரை. இப்போது அவள் துளி பன்னிரண்டைத் தாண்டி, பதினான்கையும் தாண்டி, அட்டைக்கு வெளியே போய் நின்றது. அதற்கு ஒட்டக்கூடிய சிவப்பே அட்டையில் இல்லை.

பீரோவைத் திறந்து உறை ஒன்றைக் கிழித்தாள். உறையின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது: உபயோகித்தபின் மூடி வைக்கவும், வெயில் படக் கூடாது. புது அட்டையை ஜன்னல் அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே அச்சகத்தில் பிறந்தவை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஜன்னலில் இருந்தது பல வருஷம் துவைத்த துணி.

புது அட்டையில் அந்தப் பெண்ணுக்கு ஏழு.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே கண்ணில் கோளாறில்லை. பார்ப்பதற்கு ஆதாரமாக வைத்த சிவப்பு தினம் கொஞ்சமாக வெயிலுக்குப் போயிருந்தது. அது போகப் போக, வெளுத்த பிள்ளைகள் எல்லாம் அதனிடத்தில் ஆரோக்கியமாகிக்கொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு தவறியதால் யாரும் தனியாகத் துருத்தித் தெரியவில்லை. பொய்யை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் அது ஒழுங்கு போலத்தான் தெரியும்.

அவளுக்கு முதலில் வந்த கோபம் அட்டையின் மேல் அல்ல, ஆபீசர் மேலும் அல்ல. அட்டையை ஜன்னலில் அடிப்பதற்கு முந்தைய வருஷங்களில் அவள் ஒவ்வொரு பிள்ளையின் இமையையும் இழுத்துப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், படியேறினால் மூச்சு வாங்குதா என்று கேட்டாள். எண் கண் முன்னாலேயே நின்ற பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டாள். மூன்று வருஷமாகப் பிள்ளைகளின் விரலைப் பிடித்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் விட்டவள், சுண்ணாம்பு தின்ற ஓர் அக்காவோடு வளர்ந்தவள்.

அக்காவுக்கு வீட்டில் தூங்குமூஞ்சி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் திருடி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பாதி வழியில் இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அப்பா குடத்தோடு சேர்த்து அவளையும் உதைப்பார். சாக்பீஸைத் தின்றதற்கு ஒருநாள் ஆசிரியர் வாயில் ஒரு முழு சாக்பீஸைக் கவ்வ வைத்து வகுப்பு வாசலில் நிறுத்தினார். அதையும் அவள் மெல்லக் கரைத்துத் தின்றுவிட்டாள் என்பது அந்தத் தெருவில் ரொம்ப நாள் ஓடிய நகைச்சுவை. தங்கையும் சிரித்திருக்கிறாள். பத்தொன்பது வயதில் முதல் பிரசவத்தில் அக்கா போனாள். “எல்லாருக்கும் போற ரத்தம்தான் போச்சு. இவ உடம்புல போறதுக்கு இல்லை,” என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அம்மா அழவில்லை. “சின்னதுலேருந்தே சோம்பேறி அவ,” என்றாள், யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல.

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்த பெயர் பிறகு வந்தது. எல்லா மொழியிலும் இதன் முதல் பெயர் சோம்பேறித்தனம்.

ஆபீசருக்குப் போன் போட்டாள். அவளைவிட எட்டு வயது இளையவர்.

“சார், ரத்தம் பார்க்கிற அட்டை வெளுத்துப் போச்சு.”

“வேற எடுத்துக்கோங்க சிஸ்டர். இதுக்கெல்லாமா என்னைக் கூப்பிடுவீங்க?”

“மூணு வருஷமா வெளுத்திருக்கு சார். நாம எழுதின நம்பர் எல்லாம் தப்பு. பிள்ளைங்களுக்குக் குறையவே இல்ல.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. “ஜன்னல்ல அடிச்சது யாரு?”

“நான்தான்.”

“அப்ப பாருங்க, விசாரணைன்னு வந்தா உங்களைத்தான் தொடும். நான் உங்களுக்காகச் சொல்றேன். வியாழக்கிழமை முடியட்டும். அப்புறம் சத்தமில்லாம அட்டையை மாத்திடுங்க. அடுத்த வருஷம் நம்பர் கொஞ்சம் ஏறியிருக்கும். ‘சற்றே உயர்வு’ன்னு போட்டுக்கலாம்.”

“பெட்டி எல்லாம் வியாழக்கிழமையே லாரியில போயிடும் சார்.”

“போற இடத்துல இருக்கறதும் பிள்ளைங்கதானே சிஸ்டர்.”

அது தப்பான வாதம் என்று அவளுக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் தப்பு என்று தெரியவில்லை. நல்லவர்களைப் பேச்சிழக்கச் செய்வதற்கென்றே சில வாக்கியங்கள் அலுவலகங்களில் தயாராகின்றன. போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். எட்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. வேலை போனால் வீட்டில் இன்னொரு சம்பளம் கிடையாது.

மறுநாள் மதியம் சிரப் பாட்டிலை எடுத்துக்கொண்டு சலவை நிலையத்துக்குப் போனாள். உள்ளே ஆவி. எட்டு மேஜைகள், எட்டுப் பெண்கள், எட்டு இஸ்திரிப் பெட்டிகள். எலியின் அம்மா கடைசி மேஜையில் ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்த்திருந்தும் முகத்தில் நிறமில்லை.

“என்னக்கா, ஊசி வீடு தேடி வந்துடுச்சு?” என்றாள். பக்கத்து மேஜைப் பெண் சிரித்தாள். “ஓடிடுடி, உனக்கும் குத்திடப் போறாங்க.”

“உன் பொண்ணுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. இதை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மூடி குடு. டீயோட குடுக்காத, சத்து உடம்புல ஒட்டாது. கறுப்பா வெளிக்குப் போவா, பயந்துடாத.”

அவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பு பாதியில் நின்றது. “கம்மியா? போன மாசம் நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதித் தந்தீங்க?”

“தந்தேன். அது தப்பு.”

“தப்புன்னா?”

“நான் பார்த்தது தப்பு.”

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. “நான் மொதல்ல பயந்துதான் உங்ககிட்டக் கூட்டிட்டு வந்தேன். எப்பப் பாரு படுத்துக்கிறா, ஒரு வேலை செய்ய மாட்டேங்கறா, மண்ணைத் திங்கறா, உடம்புல ஏதோ கோளாறுன்னு. நீங்க நலம்னு எழுதித் தந்தீங்க. சரி, உடம்புல ஒண்ணுமில்ல, கொழுப்புதான்னு வீட்டுக்குப் போய் அடிச்சேன். அந்தச் சீட்டை நம்பித்தான்க்கா அடிச்சேன். ஒரு மாசமா அடிக்கிறேன்.”

பக்கத்து மேஜைப் பெண் துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஊசியம்மா சிரப் பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். சொல்வதற்கு இருந்தது எல்லாமே தன்னை ஆறுதல்படுத்திக்கொள்கிற வார்த்தைகள். திரும்பி நடக்கும்போது மீதி சர்வீஸை அவள் எண்ணவில்லை.

வியாழக்கிழமை கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். ஓட்டையை மறைத்து வாட்ச்மேன் ஒரு பூந்தொட்டியை வைத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் நரைத்த தலையோடு அதிகம் பேசாமல் இருந்த அம்மாள்தான் பெரியவர். வாசலில் லாரி பின்பக்கம் திறந்து நின்றது.

எலியைக் கூட்டி வந்து எல்லோர் முன்னாலும் நிறுத்தலாம் என்று முந்தின நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பிறகு, வாயில் சாக்பீஸோடு நின்ற இன்னொருத்தியின் நினைவு வந்தது. எந்தப் பிள்ளையையும் இனி எதற்காகவும் யார் முன்னாலும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தாள். நிறுத்துவதற்கு வேறு ஆள் இருந்தார்.

ஆபீசர் பேசி முடித்து, ஷீல்டை வாங்க அவளைக் கூப்பிட்டார். அவள் ஊசித் தட்டோடு வந்தாள். மற்றொரு கையில் ஜன்னலிலிருந்து கழற்றிய அட்டை.

“சார், கையைக் கொடுங்க.”

“என்ன சிஸ்டர்?”

“இந்த அட்டையாலதானே ஷீல்டு கிடைச்சிருக்கு. உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துடுவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். விருந்தினர் சிரித்த பிறகு மறுக்க முடியாது. கையைக் கொடுத்தார். கூரையைப் பார்த்தார், பிள்ளைகளைப் போலவே. அவள் துளியை வாங்கி, அட்டையில் வைத்து, தலைமை அலுவலக அம்மாளிடம் நீட்டினாள்.

“நீங்களே பாருங்கம்மா. சாருக்கு எவ்வளவு?”

அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். “எதோடயும் ஒட்டலையே.”

“ஒட்டாதும்மா. அட்டையில சாருக்கு இடமில்ல. ஒண்ணு சாருக்கு ஓடறது மனுஷ ரத்தமில்ல. இல்லைன்னா இந்த அட்டை சரியில்ல. எதுன்னு சாரே சொல்லட்டும்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆபீசர் விரலைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “டெக்னிக்கல் விஷயம், உள்ளே போய்ப் பேசிக்கலாம்,” என்றார்.

“உள்ளே பேசினா லாரி போயிடும்.” அவள் புது அட்டையை எடுத்து அதே துளியை வைத்தாள். பதினான்கு. “வெயில்ல அடிச்சு வச்சது நான். புது அட்டையை எடுக்காம பூட்டி வச்சது நான். எழுதித் தர்றேன். ஆனா மூணு வருஷத்துல ஆயிரத்து நூத்து நாப்பது பிள்ளைங்களுக்குத் தப்பான நம்பர் எழுதியிருக்கேன். இங்க எதுவும் குறையல. அட்டை வெளுத்துச்சு, அவ்வளவுதான்.”

“பெட்டி போற இடத்துலயும்...” என்று ஆபீசர் தொடங்கினார்.

“பிள்ளைங்கதான் சார். தெரியும்.” போனில் கிடைக்காத பதில் இப்போது வந்துவிட்டது. “ரெண்டு பிள்ளைக்கு ஒரு பாட்டிலை வச்சுட்டு, யார்கிட்டேருந்து பிடுங்கறதுன்னு என்னைக் கேட்காதீங்க. ரெண்டாவது பாட்டிலைக் கேளுங்க. அதைக் கேட்கத்தான் உங்களுக்கு அந்த நாற்காலி.”

தலைமை அலுவலக அம்மாள் எழுந்து சுவரருகே போனாள். பூந்தொட்டியின் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள். வாட்ச்மேன், இத்தனை வருஷ சர்வீஸில் முதல்முறையாக விசாரித்த பிறகு, “எலி இல்லைங்கம்மா,” என்றார்.

இதற்குப் பிறகு நீதி வென்றது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. லாரி அன்று காலியாகத் திரும்பியது. பத்து நாளில் இந்த வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மறுபடி பார்க்க உத்தரவு வந்தது. அதே உறையில் அவளுக்கு ஒரு மெமோ: கவனக்குறைவு, ஒரு வருஷ சம்பள உயர்வு நிறுத்தம். அவள் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘தவறு என்னுடையது, பாராட்டு யாருடையது என்பதையும் பதிவு செய்யவும்.’ அதற்குப் பதில் வரவில்லை.

முந்நூற்று எண்பது பிள்ளைகளில் இருநூற்று இருபத்து மூன்று பேர் பதினொன்றுக்குக் கீழே. பத்துக்கு ஆறு. மூன்று வருஷத்துக்கு முன் எங்கே இருந்ததோ அங்கேயே. குறைந்தது, வென்றது, ஷீல்டு வாங்கியது எல்லாம் ஜன்னல் வெயில். அந்த அறிக்கை மேலே போய், மேலிருந்து ஒரு ‘சமரசம்’ இறங்கியது: இருபது பெட்டி இங்கே, இருபது பெட்டி அங்கே. இரண்டாவது பாட்டிலை யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கு ஆகும் சிரப்பின் விலையில் கடையில் ஒரு பாட்டில் குடிதண்ணீர்கூட வாங்க முடியாது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டில்களை அவள் எண்ணியிருந்தாள். பதினாறு. பாதிக்கு மேல் மூடி திறக்கப்படவே இல்லை.

மெமோவையும் சம்பளத்தையும் அவள் ஒரே வாரத்தில் மறந்தாள். அந்தப் பதினாறை இன்னும் மறக்கவில்லை. யாராவது அவளை நல்லவள் என்று சொன்னால் எரிச்சல்படுகிறாள். அது நியாயம்தான். தானே மூட்டிய தீயைத் தானே அணைத்தவளுக்கு எதற்கு மாலை.

ஆறு வாரம் கழித்து எலி வந்தது. இந்த முறை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து வந்தது, அம்மா பின்னால். அம்மாவின் பையில் அவளுக்கும் ஒரு மாத்திரைச் சீட்டு இருந்தது. ஊசியம்மா முதலில் இமையைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், பிறகு குத்தினாள். உறையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்து, எழுதி, அட்டையைத் திரும்ப உறையில் போட்டு மூடினாள். ஒன்பதரை.

“இன்னும் ரெண்டு மாசம் குடிக்கணும்.”

“கறுப்பா வருது,” என்றது எலி, கொஞ்சம் பெருமையாக.

அம்மா சீட்டு வாங்கும்வரை அது பெஞ்சின் ஓரத்தில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. கை பழக்கத்தில் பின்னால் போனது. கொத்தனாரை ஊசியம்மா மறுபடி கூப்பிடவே இல்லை. பள்ளம் அப்படியே இருந்தது. எலி ஒரு துணுக்கைப் பெயர்த்து, நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்துத் துப்பியது.

“என்னடி, மழை பெய்யலையா?” என்றாள் ஊசியம்மா.

“இல்ல. சுவரு மாதிரி இருக்கு.”

வாட்ச்மேன் சத்தமாகச் சிரித்தார். ஊசியம்மாவுக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அவள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலி வராத ஆறு வாரத்தில் அது இன்னொரு விரற்கடை ஆழமாகியிருந்தது. புதுக் கீறல்கள் இன்னும் கீழே, இன்னும் சிறிய நகங்களால் ஆனவை. பெஞ்சின் மறுகோடியில் மூன்று வயதுப் பெண் ஒன்று, எலி எப்போது எழுந்திருக்கும் என்று அந்த இடத்தையே பார்த்துக் காத்திருந்தது.

ஊசியம்மா பஞ்சை எடுத்தாள்.

“அடுத்தது நீதான். வா, முகத்தைக் காட்டு.”